பிஸ்லே மலை முகட்டில் நித்யாவைப் பெண் பார்த்தது

ஆக. 28, வியாழன்

காலையிலிருந்து தூறல். கடை பத்து மணிக்குத்தான் திறந்தேன்.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். என் தங்கச்சி பொண்ணு நித்யா நம்ம பக்கத்துப் பையனைக் கட்ட மாட்டாள், மழை நிக்காத ஊர்லேர்ந்து ஒருத்தன் வருவான்னு அவள் ஒன்னாம் கிளாஸ் படிக்கும்போதே சொன்னேன். "அப்ப நீங்க சொன்னது அவ டாக்டர் ஆவான்னு" என்கிறாள் பத்மா. என் பொண்டாட்டிக்கு ஞாபக சக்தி கம்மி.

பையன் பேர் சுதர்சன். நித்யா ஆபீஸ்தான். சொந்த ஊர் சுப்ரமண்யா பக்கம், மலைக்கு அந்தாண்ட. பாக்குத் தோட்டம். வீட்டில் துளு, வெளியில் கன்னடம். உயரம் என் அளவு (கொஞ்சம் கூட).

பிரச்சினை ரெண்டு.

ஒன்னு, சரோஜா. என் தங்கச்சி. மச்சான் போய் மூணு வருஷம். "அவர் இல்லாம நான் எப்படிண்ணா முடிவு பண்றது? இருந்தா சரின்னிருப்பாரா?" எட்டு மாசமா இதே பேச்சு. வேண்டாம்னும் சொல்லலை. சரின்னும் சொல்லலை. நித்யா அம்மாவை மீறிப் போற பொண்ணும் இல்லை.

ரெண்டு, யார் வீட்டுக்கு யார் முதலில் போறது. நம்ம வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் வந்து பெண் பார்க்கணும். பேச்சு முடியற வரைக்கும் அவங்க கையால் நாம ஒரு வாய் சாப்பிடக் கூடாது. பையனோட அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி நாலு மாசம். பெங்களூர் வரைக்கும் கார்ல உட்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். சரோஜா, "அப்ப உடம்பு சரியானதும் வரட்டும், என்ன அவசரம்" என்கிறாள். நித்யா முகம் சுண்டிப் போச்சு.

யோசனை என்னுடையது. நடுவில் சந்திக்கலாம். பிஸ்லே காட் ரோடு, மலை முகட்டில். யார் வீடும் இல்லை, யாரும் யாருக்கும் இறங்கி வர வேண்டாம். அவங்களுக்கு ஒரு மணி நேரத்துப் பாதைதான். (நித்யாதான் முதலில் வாயால் சொன்னாள். நான் அதுக்கு முன்னாடியே மனசில் வெச்சிருந்தேன்.)

சரோஜா: "நடு ரோட்டுல பொண்ணு பார்க்கறதாண்ணா? எம் பொண்ணு என்ன டோல்கேட்டா?"

நல்லா பேசுவாள். என் தங்கச்சி இல்லையா.

ஆக. 29, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது, போச்சு. ஜோகுபாளையம் தெருவெல்லாம் பிள்ளையார் இன்னும் கரைக்காமல் உட்கார்ந்திருக்கார். ஸ்பீக்கர் போடற சத்தத்தில் என் தையல் மெஷின் ஓடுதா நின்னுச்சான்னே தெரியலை. பெரிய வண்டி ஒன்னு, ஏழு சீட்டு, காப்பிக் கலர் சீட் கவர். முடிச்சாச்சு. பெங்களூரில் இந்த மாதிரி மூலை மடிக்கிற ஆள் இன்னொருத்தன் இல்லை.

சாயங்காலம் சரோஜா வீட்டுக்கு. நாலு தெரு தள்ளி. திடீர்னு ஞாபகம் வந்த விஷயத்தைச் சொன்னேன். இத்தனை நாள் எப்படி மறந்தேனோ.

ஆஸ்பத்திரியில் மச்சானோட கடைசி நாள் காலை. சரோஜா குளிச்சிட்டு ரசம் வெச்சுக் கொண்டு வரேன்னு வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் பக்கத்தில். மச்சான் என் கையைப் பிடிச்சார். இரும்புப் பிடி. ஜன்னல் வெளிச்சம் அப்படியே அவர் முகத்தில். சொன்னார்: "மச்சான், பாப்பா யாரைக் கைகாட்டறாளோ அவனுக்கே கட்டி வைங்க. ஜாதி, பாஷை எதையும் பார்க்காதீங்க. இது என் வார்த்தை." அப்புறம் கண்ணை மூடிக்கிட்டார்.

சரோஜா அரிசி களைஞ்சிட்டிருந்தாள். கை நின்னு போச்சு.

"ஏண்ணா இத்தனை நாள் சொல்லலை?"

"நேரம்னு ஒன்னு வரணும்ல."

குழாய் ஓடிட்டே இருந்தது, நான்தான் மூடினேன். அப்புறம், "ஞாயித்துக்கிழமை போகலாம். போய்ப் பார்ப்போம். மத்தது அங்க" என்றாள்.

எடுத்துக்க வேண்டியது:
வெத்தலை பாக்கு (பாக்குத் தோட்டக்காரங்களுக்கே பாக்கான்னு பத்மா சிரிக்கிறாள். மரியாதைன்னா மரியாதை)
மல்லிப்பூ, ஈரத் துணியில் சுத்தி
பழம்
ஃபிளாஸ்க், குடை மூணு
உப்புப் பொட்டலம், அட்டை கடிச்சா போட
வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்டது

நேரம்: பகல் 12க்குள். அதுக்கு மேல் எமகண்டம். சரோஜா இதில் ஒரு நிமிஷம் விட்டுத்தர மாட்டாள்.

பத்மா வரலை. முட்டி வலி. "நீங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு அஞ்சு மணி நேரம் என்னால உட்கார முடியாது" என்பது ரெண்டாவது காரணம்.

ஆக. 30, சனி. ஹாசன், லாட்ஜ்

நித்யா ஓட்டினாள். வழி முழுக்க நான் சொன்னேன். ஃபோனில் ஒரு பொம்பளைக் குரலும் சொல்லிச்சு. ரெண்டு பேரும் பெரும்பாலும் ஒத்துப் போனோம்.

எடியூரில் தட்டே இட்லி. மூணு சாப்பிட்டேன். (பத்மா கேட்டால் ஒன்னு.)

சரோஜா பின்சீட்டில் தூங்கினப்போ நித்யா மெதுவாக் கேட்டாள்.

"மாமா, அப்பா நிஜமாவே அப்படி சொன்னாரா?"

"பின்னே?"

"அப்ப நான் சுதியைப் பார்த்தது கூட இல்லையே."

"பொதுவா சொன்னாருடி. பெரிய மனுஷங்க பொதுவாத்தான் சொல்லுவாங்க."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தாள். ரோட்டைப் பார்த்து ஓட்டுன்னேன்.

லாட்ஜ் வாசலில் ரெண்டு டிரைவருங்க: "காட் ரோடு திறந்திருக்காமே?" "திறந்திருக்கு. மழைதான் மூடல." இங்கேயும் மழைதான். வேட்டி கசங்கிடுச்சு. தலைகாணிக்கு அடியில் மடிச்சு வெச்சிருக்கேன்.

ஆக. 31, ஞாயிறு

எப்படி எழுதறதுன்னு தெரியலை. ஆனா என்னை விட்டால் யாரும் எழுதப் போறதில்லை.

ஆறரைக்குக் கிளம்பல். சக்லேஷ்புரம் தாண்டினதும் ரோடு ஒல்லியாச்சு. காப்பித் தோட்டம். அப்புறம் காடு. அப்புறம் ஒன்னுமே இல்லை, வெள்ளை. நித்யா லைட்டைப் போட்டுக்கிட்டு ஊர்ந்தாள். சரோஜா 'முருகா'ன்னாள். ஒரு திருப்பம் தாண்டினோம், யாரோ திரையை இழுத்த மாதிரி விலகிச்சு.

நான் பார்க்காத மலை இல்லை. ஊட்டி, ஏற்காடு, திருப்பதி (நடந்து, ரெண்டு தடவை). இது வேற. மேகம் கீழேர்ந்து மேலே வருது. மழை மேலேர்ந்து கீழே போகுது. நடுவில் நாங்க மூணு பேரும் ஒரு காரும். கடையில் பச்சைத் துணி நாலு ரகம் வெச்சிருக்கேன், அதுவே ஜாஸ்தின்னு நினைச்சிருந்தேன். அங்கே நாப்பது எண்ணினேன். எண்ணலை, ஆனா இருக்கும். எதிர் மலையில் ஒரு அருவி, சத்தமே கேட்கலை, வெள்ளை நூலு தொங்கின மாதிரி.

முகட்டில் ரோட்டோரம் ஒரு கல். இந்தப் பக்கம் விழற தண்ணி வங்காள விரிகுடாவுக்கு, அந்தப் பக்கம் விழறது அரபிக் கடலுக்குன்னு எழுதியிருக்கு. நித்யா படிச்சுச் சொன்னாள். எனக்கும் தெரியும், கண்ணாடி காரில் இருந்தது.

சீட் கவர் ஓரத்தில் பைப்பிங்னு ஒரு உருட்டின பட்டி வெச்சுத் தைப்போம். விரல் தடிமன் கூட இருக்காது. இந்தாண்ட ஒரு துணி, அந்தாண்ட ஒரு துணி, ரெண்டும் அதிலேர்ந்துதான் இறங்கும். இந்த மலையும் அவ்வளவுதான். ஆனா தைச்சவன் எவ்வளவு பெரிய ஆளு. ஒரு கோணல் இல்லை. ஒரே மழை, ஒரே மேகம், ஒரு சொட்டு இப்படிப் போய் ஹேமாவதி, காவேரி, மேட்டூர்னு போகுது. பக்கத்துச் சொட்டு அப்படிப் போய் குமாரதாரா, நேத்ராவதி, மங்களூர். நான் நெஞ்சில் கை வெச்சுக்கிட்டு நின்னேன். சரோஜா மூச்சு வாங்குதாண்ணான்னு கேட்டாள்.

சோதனை பண்ணிப் பார்த்தேன். ஃபிளாஸ்க் மூடியில் காப்பி ஊத்தி, அதைக் கல்லுகிட்ட ஊத்தினேன், எந்தப் பக்கம் போகுதுன்னு.

"விடியக்காலையில அந்த லாட்ஜ்காரன்கிட்ட சண்டை போட்டு வாங்கின காப்பிண்ணா அது!"

"காவேரிப் பக்கம் போகுது பாரு. உன் வீட்டுக் குழாய்க்குத்தான் வரும்."

நித்யா: "வந்தா சர்க்கரை பத்தலைன்னு சொல்லுவாங்க மாமா."

சரோஜா சிரிச்சாள். காலையிலேர்ந்து முதல் சிரிப்பு.

ஒரு ஜீப்காரர் நிறுத்தி, "இங்க ரொம்ப நேரம் நிக்காதீங்க, விடியக்காலைதான் யானை தாண்டிச்சு"ன்னுட்டுப் போனார். பத்தடி தள்ளி லத்தி இருந்தது. யானையையே பார்த்ததா பத்மாவிடம் சொல்லலாம்னு இருக்கேன்.

10.40. அவங்க வரலை. ஃபோனில் சிக்னல் கோடே இல்லை. 11. சரோஜா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். நித்யா அம்மாவைப் பார்க்கிறாள். 11.15. "பன்னண்டு ஆயிட்டா நான் கிளம்பிடுவேண்ணா. அப்புறம் ஆள் வந்தாலும் பேச மாட்டேன்." சொன்னா செய்வாள்.

11.25. ஹாரன். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பழைய ஜீப், தார்ப்பாய் போட்டது. வழியில் மரம் விழுந்து, அவங்களே வெட்டி ஒதுக்கிட்டு வந்தாங்களாம். பையன் சட்டையெல்லாம் மரத்தூள். பரீட்சைக்கு லேட்டா வந்தவன் மாதிரி நின்னான். எனக்குப் பிடிச்சுப் போச்சு. முன்னாடியே பிடிக்கும், இப்ப ஜாஸ்தி.

அவன் அப்பா ருக்மய்யா. ஒல்லி, பேச்சு கம்மி. அம்மா கமலாக்ஷி. கைத்தடி ஊணி, யார் கையும் பிடிக்காமல் தானே இறங்கினாங்க. மழையில் நின்னுக்கிட்டே சரோஜாவிடம் முதல் வார்த்தை: "ஊட்ட ஆய்த்தா?"

சாப்பிட்டாச்சான்னு. நடு ரோட்டில், மலை உச்சியில்.

ரெண்டாவது வார்த்தை என்னிடம்: "உங்க காலைப் பாருங்க." பார்த்தால் அட்டை. ஒன்னு இல்லை, மூணு. நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். நம்ம உப்புப் பொட்டலம் கார் டிக்கியில். அந்தம்மா இடுப்புப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினாங்க. ஆபரேஷன் ஆன மனுஷி, குனிஞ்சு. ரத்தம் ஒரு படி போயிருக்கும்.

பேச்செல்லாம் கன்னடத்தில்தான். சரோஜா நல்லா பேசுவாள்.

ஜீப் பின்னாடி தார்ப்பாய்க்கு அடியில் எவர்சில்வர் தூக்கு திறந்தாங்க. பலா இலையைக் கிண்ணம் மாதிரி பின்னி, அதில் மாவு ஊத்தி வேக வெச்ச கடுபு. இட்லிக்கு அண்ணன். தேங்காய் எண்ணெய், சட்னி. அந்தக் குளிரில் அந்த ஆவி. எனக்குக் கை போயிடுச்சு. சரோஜா ஒரு பார்வை பார்த்தாள், இழுத்துக்கிட்டேன்.

"அப்புறம் ஆகட்டும்மா" என்றாள் சரோஜா.

கமலாக்ஷியம்மாவுக்குப் புரிஞ்சுது. "எங்கள்லயும் அந்த வழக்கம் உண்டு. ஆனா அது வீட்டுக்குத்தானே? இது ரோடு."

"ரோடுதான். ஆனா சோறு உங்க வீட்டுது."

அந்தம்மா கோவிக்கலை. தூக்கை மூடினாங்க. "சரி. அப்ப நானும் சாப்பிடலை. காலையிலேர்ந்து எனக்கும் ஒன்னும் இல்லை." அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துக்கிட்டாங்க. ரெண்டு பொம்பளைங்க, நடுவில் மூடின தூக்கு.

அந்த நேரத்தில் ருக்மய்யா என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு சின்ன ஓடையைக் காட்டினார். "இது எங்க தோட்டத்து ஓரமாத்தான் போகுது. எங்கப்பா காலத்துலேர்ந்து இதுதான் பாய்ச்சல்." அப்புறம் எதிர்ப்பக்கம் கை காட்டி, "அது நீங்க குடிக்கிறது." நான் நன்றி சொன்னேன். அவர் மலைக்குச் சொல்லுங்கன்னார். இந்த மாதிரி ஆள்கிட்ட என்னத்தைப் பெருமை பேசறது? கொஞ்சம் பேசினேன்.

11.40. சரோஜா எழுந்து வந்தாள். தடுப்புச் சுவர் பக்கம் என்னைத் தனியாக் கூப்பிட்டாள். எல்லாரும் எங்கேயோ பார்க்கிற மாதிரி நின்னாங்க.

"அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லுண்ணா."

சொன்னேன்.

"அன்னைக்குப் பாப்பான்னே. இப்ப நித்யாங்கறே."

"ரெண்டும் ஒன்னுதானேம்மா."

"அவர் பாப்பான்னும் கூப்பிட்டதில்லை, நித்யான்னும் கூப்பிட்டதில்லை. நாலு வயசுலேர்ந்து அவ அவருக்கு 'மேனேஜர்'தான்."

"அவருக்கு மாஸ்க் போட்டிருந்தாங்கல்ல, காதுல சரியா விழுந்திருக்காது" என்றேன்.

அவள் பள்ளத்தையே பார்த்துட்டிருந்தாள். மேகம் எங்க காலுக்குக் கீழே போயிட்டிருந்தது.

"என்னைக் கேட்டாராண்ணா? நான் ரசம் வெச்சிட்டு வர்றதுக்குள்ள. ஒரு தரமாவது?"

"கேட்டாரு. 'சரோ சாப்பிட்டாளா'ன்னு கேட்டாரு."

யோசிக்கவே இல்லை, வந்துடுச்சு வாயில்.

முந்தானையால் முகத்தைத் துடைச்சாள். மழையா வேறயான்னு நான் பார்க்கலை. நேராப் போனாள். கமலாக்ஷியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "பசிக்குதும்மா, எடுங்க" என்றாள்.

அந்தம்மா இலையைப் பிரிச்சு, எண்ணெய் விட்டு, கையில் கொடுத்தாங்க. சரோஜா சாப்பிட்டாள். மணி 11.52, என் கடிகாரத்தில். நித்யா ஜீப் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதாள். பையன் அவளைத் தேத்தறதா தன் அப்பாவைப் பார்க்கிறதான்னு தெரியாமல் குடையைத் தப்பாப் பிடிச்சு ருக்மய்யா தலையில் தண்ணி ஊத்தினான். மல்லிப்பூவை கமலாக்ஷியம்மா நித்யா தலையில் வெச்சாங்க. வெத்தலை பாக்கு மாத்தினோம். ருக்மய்யா நம்ம பாக்கை மோந்து பார்த்தார், ஒன்னும் சொல்லலை. நல்ல மனுஷன்.

நான் ஆறு கடுபு.

செப். 1, திங்கள்

பெங்களூர். வெயில். நேத்து போனதே கனவு மாதிரி.

கடைக்கு வந்தவங்க எல்லாரிடமும் சொல்லியாச்சு. யானை காலையில் சொன்னப்போ ஒன்னு, மத்தியானம் மூணு, சாயங்காலம் குட்டியோடு ஐந்து. அட்டை பன்னிரண்டு. மலை மட்டும் அப்படியே சொன்னேன். அதில் சேர்க்க எனக்கு ஒன்னும் கிடைக்கலை. முதல் தடவை.

பத்மா துவரம்பருப்பு பொறுக்கிக்கிட்டே கேட்டாள்.

"ஏங்க, மச்சான் சொன்ன வார்த்தையை என்கிட்ட கூட நீங்க சொன்னதில்லையே."

"எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லணுமா?"

"நீங்க ஒரு விஷயத்தை மூணு நிமிஷம் வயித்துல வெச்சுக்க மாட்டீங்க. இதை மூணு வருஷம் வெச்சிருந்தீங்களா?"

அவசரமா ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. வெளியே வந்துட்டேன். ஒருத்தரும் இல்லை. ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டுத் திரும்பினேன். ஒரு பிள்ளையார் லாரியில் போயிட்டிருந்தார்.

காலில் அட்டை கடிச்ச இடம் அரிக்குது.

செப். 3, புதன்

மேகம், மழை இல்லை. சின்ன வண்டி ஒன்னு, முன் சீட்டு மட்டும்.

பதினோரு மணிக்கு சரோஜா கடைக்கே வந்தாள். எப்பவும் வர மாட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலையில் பூ இல்லாட்டியும் முகம் தெளிஞ்சிருக்கு. நிச்சயம் நம்ம ஊரில்தானாம். கமலாக்ஷியம்மாவுக்கு டாக்டர் சரின்னதும் தேதி. மச்சான் பக்கத்துப் பங்காளிங்க எல்லாரும் வருவாங்க. வேற பாஷை, வேற ஜாதின்னு ஏற்கனவே ரெண்டு பேர் ஃபோன் பண்ணிக் கேட்டாச்சாம்.

"தாய்மாமன் நீ. சபையில எழுந்து அவர் சொன்னதைச் சொல்லணும்ண்ணா. அவர் வார்த்தைன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"சொல்லிட்டாப் போச்சு."

"ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவே. எழுதி வெச்சுக்கோ. அவர் என்ன சொன்னாரோ அதை மட்டும். உன் சரக்கு ஒன்னும் சேர்க்காதே."

கிளம்பறப்போ வாசலில் திரும்பினாள். "அந்த சாப்பாடு கேட்டது இருக்கே, அதைச் சபையில சொல்லாதே. அது எனக்கு." போயிட்டாள்.

மத்தியானம். கடையில் ஆள் இல்லை. மெஷினை நிறுத்தியாச்சு. எழுதறேன்.

மச்சான் கடைசியாப் பேசினது:

"சரோ சாப்பிட்டாளா?"

"ரசம் கொண்டாரப் போயிருக்கா மச்சான்."

"நேத்தும் சாப்பிடலை அவ. நீங்க சொல்லுங்க."

அவ்வளவுதான். கையெல்லாம் பிடிக்கலை, கையில் ஊசி இருந்தது. இதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லலை. சொல்ற அளவுக்கு இதில் என்ன இருக்குன்னு விட்டுட்டேன்.

கல்யாணத்தைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசலை. அது நானாச் சொன்னது.